ஹுனான் குன்றுகளின் மணிகள்: வடக்கு கொடுத்ததா, தெற்கு கொடுத்ததா?

"ஆவணப்படம் ஒன்றில், சீனாவின் ஹுனான் மாநிலத்தில் மண்ணுக்கடியில் கிடைத்த இடுப்புயர வெண்கல மணியைப் பார்த்தேன். அதே காலத்தில் வடக்கே ஷாங் அரசர்களின் தலைநகரான ஆன்யாங்கில் கையடக்கமான மணிகளே இருந்தன என்கிறார்கள். அப்படியானால் யாரிடமிருந்து யார் கற்றார்கள்? மணியை வைத்துப் பண்பாட்டுத் தொடர்பைப் பேசுவதை எவ்வளவு தூரம் நம்பலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். இவை இரண்டு கேள்விகள். முதலாவது வரலாறு, இரண்டாவது சான்று. இரண்டாவதைத் தெளிவுபடுத்தாமல் முதலாவதற்குப் பதில் சொன்னால் அது வெறும் கட்சி கட்டலாக முடியும். சீன அறிஞர்களிடையேயே இந்த வழக்கு அரை நூற்றாண்டாக நடந்துகொண்டிருக்கிறது.

நான் உலோகத் தொல்லியல் பயின்றவன். பழைய வெண்கல வார்ப்புகளைப் பார்த்து, அவை எப்படி வார்க்கப்பட்டன என்று சொல்வது என் தொழில். இந்த மணிகளை வூஹானிலும் சாங்ஷாவிலும் அருங்காட்சியகங்களில் நின்று பார்த்திருக்கிறேன், அகழாய்வு அறிக்கைகளை வாசித்திருக்கிறேன். ஆனால் நானே அகழ்ந்தவன் அல்லன். வெண்கலங்களில் உள்ள பழஞ்சீன எழுத்தை வாசிக்கும் பயிற்சியும் எனக்கு இல்லை. அந்த இடங்களில் பிறர் வாசிப்பைச் சார்ந்தே பேசுகிறேன். வார்ப்பு பற்றிச் சொல்லும் இடங்களில் என் சொல்லுக்கு நானே பொறுப்பு.

மணியின் வடிவத்திலிருந்து தொடங்க வேண்டும். நம் கோயில் மணி வட்ட வாய் கொண்டது. அடித்தால் ஓசை நெடுநேரம் இழையும். பழஞ்சீன இசை மணி அப்படி அல்ல. இரண்டு நாட்டு ஓடுகளைக் குழிந்த பக்கம் உள்ளே இருக்குமாறு சேர்த்துப் பிடித்தால் வருமே, அந்த வடிவம். சீனத்திலும் அதை 'சேர்த்த ஓடு' என்றே சொல்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஷென் குவோ என்ற அறிஞர் இதன் காரணத்தை விளக்கியிருக்கிறார்: வட்ட மணியின் ஓசை நீளும், தட்டை மணியின் ஓசை சட்டென்று அடங்கும். விரைவாக இசைக்கும்போது வட்ட மணிகளின் ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து குழம்பிவிடும். தட்டை மணிகளில் ஒவ்வொரு சுரமும் தனித்துக் கேட்கும். இன்னொரு விளைவும் உண்டு. இத்தகைய மணியின் நடுவில் தட்டினால் ஒரு சுரம், பக்கவாட்டில் தட்டினால் அதைவிட உயர்ந்த வேறொரு சுரம் பிறக்கும். இதை 1977இல் ஹுவாங் சியாங்பெங் என்ற இசையறிஞர் பழைய மணிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து அறிவித்தபோது பலர் ஏற்கவில்லை. மறு ஆண்டே ஹூபெய் மாநிலத்துச் சுய்ஜோவில் செங் நாட்டுத் தலைவன் யீயின் கல்லறை திறக்கப்பட்டது. அங்கே கிடைத்த 65 மணிகளில் பெரும்பாலானவற்றில், தட்ட வேண்டிய இரண்டு இடங்களிலும் அந்தந்தச் சுரத்தின் பெயரே எழுதப்பட்டிருந்தது. ஐயம் அத்துடன் தீர்ந்தது.

அந்த வடிவம் எங்கே தொடங்கியது? ஷான்சி மாநிலத்துத் தாவ்ஸியில் 1983இல் ஒரு கல்லறையில் கிடைத்த மணியே இதுவரை தெரிந்தவற்றுள் மூத்தது. சுமார் கி.மு. 2000. நீளம் ஆறு சென்டிமீட்டர் சொச்சம். ஏறக்குறைய தனிச் செம்பு. பார்ப்பதற்கு எளிய, கரடுமுரடான பொருள்தான். ஆனால் களிமண் அச்சைத் துண்டுகளாகச் செய்து, உள்ளே ஒரு கருவை நிறுத்தி, இடைவெளியில் உலோகத்தை ஊற்றும் சீன வார்ப்பு முறையின் முழுத் தத்துவமும் அதற்குள் இருக்கிறது. தாவ்ஸியில் சுட்ட மண் மணிகளும் கிடைத்திருப்பதால், மண்ணில் இருந்த வடிவமே உலோகத்துக்கு மாறியது என்று கொள்ளலாம். அடுத்து, ஹெனான் மாநிலத்து எர்லிடோவில், கி.மு. 18ஆம் நூற்றாண்டு முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான உயர்குடிக் கல்லறைகளில், பச்சைக்கல் நாக்கு வைத்த சிறு வெண்கல மணிகள் வருகின்றன. 2002இல் கிடைத்த புகழ்பெற்ற நீலப்பச்சைக் கல் நாகத்தின் அருகிலும் அப்படி ஒரு மணி இருந்தது. இந்த வகை மணிகளின் உறவினர்கள் கிழக்கே அன்ஹுய் மாநிலத்திலும் மேற்கே சிச்சுவானின் சான்ஷிங்துய்யிலும் தென்படுகிறார்கள்.

இங்கே என் துறை சார்ந்த ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன். ஒரு பானையின் அலங்காரத்தைப் பார்த்து இன்னொருவர் வரைந்துவிட முடியும். துண்டு அச்சு வார்ப்பை அப்படிப் பார்த்துக் கற்க முடியாது. சுவாமிமலையில் மெழுகுப் படிமத்தின் மேல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகம் ஊற்றுகிறார்கள். முடிந்த சிலையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் பட்டறையில் நின்று பழகாதவருக்கு அந்த வேலை வராது. சீன முறையும் அதுபோலத்தான். எந்த மண், எவ்வளவு காய்ச்சல், அச்சுத் துண்டுகள் எங்கே சேர வேண்டும், கரு நகராமல் எப்படித் தாங்க வேண்டும் என்பதெல்லாம் கைப்பழக்கம். ஆகவே யாங்சி ஆற்றுக்குத் தெற்கே துண்டு அச்சில் வார்த்த பெருமணி கிடைக்கிறது என்றால், வார்ப்பவர்கள் ஒரு காலத்தில் வடக்கிலிருந்து வந்தார்கள், அல்லது தெற்கத்தியர் வடக்குப் பட்டறையில் இருந்து திரும்பினார்கள். சரக்கு மட்டும் பயணித்திருந்தால் இந்தத் திறம் வந்திருக்காது. வூஹானுக்கு அருகில் உள்ள பான்லோங்செங், கி.மு. 1500 வாக்கில் ஷாங் பண்பாட்டின் தெற்கு முனையாக இருந்த கோட்டை நகரம். அந்த வழி எங்கே திறந்தது என்பதற்கு அது நல்ல அடையாளம். வார்ப்பு நுட்பம் வடக்கிலிருந்து தெற்கே சென்றது என்பதை நான் உறுதி என்றே சொல்வேன்.

இனி, நீங்கள் பார்த்த மணி. அதன் வகைக்கு 'நாவ்' என்று பெயர். உள்ளே நாக்கு கிடையாது. நம் சேகண்டியைப் போல வெளியே தட்ட வேண்டும். வாய் மேலே பார்க்கும். கீழே உள்ள குழல் போன்ற காம்பில் மரத்தைச் செருகி நிறுத்துவார்கள். ஆன்யாங்கில் இவை பெரும்பாலும் மூன்று மூன்றாக, இறந்தவரின் உடைமைகளோடு கல்லறையில் கிடைக்கின்றன. 1976இல் அகழப்பட்ட அரசி ஃபூ ஹாவோவின் கல்லறையில் ஐந்து கொண்ட தொகுதி இருந்தது. எல்லாம் ஒரு கையால் எடுத்துவிடக்கூடிய அளவுதான். ஹுனானின் நிங்சியாங் பகுதியில் 1983இல் கிடைத்த நாவ் ஒரு மீட்டருக்கு மேல் உயரம், 220 கிலோவுக்கும் மேல் எடை. இவ்வகைத் தெற்கத்திய நாவ் பெரும்பாலும் கல்லறையில் கிடைப்பதில்லை. குன்றுச் சரிவிலும் ஆற்றங்கரை மேட்டிலும், பலமுறை தனியாக, சில இடங்களில் ஐந்தும் பத்துமாகப் புதைத்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் எலும்பு இல்லை, பானை இல்லை. ஒருவருடைய உடைமை என்பதற்கான அடையாளம் எதுவும் இல்லை. மலைக்கோ ஆற்றுக்கோ செய்த படையல் என்று பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனால் இதற்கு எழுத்துச் சான்று இல்லை என்பதால் இது கருத்தே.

இந்த வேறுபாட்டைத்தான் நீங்கள் இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே வடிவம், ஒரே வார்ப்பு முறை, மணியின் முகத்தில் அதே விலங்கு முகமூடியின் சாயல். ஆனால் வடக்கில் அது ஓர் உயர்குடி மனிதரின் விருந்தில் ஒலித்து அவரோடு குழிக்குள் போன இசைக்கருவி. தெற்கில் யாருக்கும் உரியதல்லாத, நிலத்துக்குக் கொடுக்கப்பட்ட பெரும்பொருள். வடிவத்தை வாங்கியவர்கள் அதன் பொருளை வாங்கவில்லை. 'ஷாங் பண்பாட்டின் செல்வாக்கு' என்று அருங்காட்சியகப் பலகைகளில் எழுதும்போது இந்தப் பாதி மறைந்துபோகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 220 கிலோ உலோகத்தை ஒரே வார்ப்பில் ஊற்றும் பட்டறையை நடத்தியவர்களைச் செல்வாக்கு பெற்றவர்கள் என்று மட்டும் சொல்லி நகர்வது நியாயமல்ல.

அடுத்த கட்டத்தில்தான் சண்டை. கி.மு. 1046 வாக்கில் ஷாங் அரசு வீழ்ந்து ஜோ அரசு எழுகிறது. சில தலைமுறைகளுக்குள் வடக்கில் புதிய மணி ஒன்று தோன்றுகிறது: யொங்ஜோங். நாவின் அதே உடல், அதே காம்பு. ஆனால் தலைகீழாக, காம்பில் உள்ள வளையத்தால் சாய்வாகத் தொங்குகிறது. முகத்தில் விலங்கு முகமூடி போய், வரிசை வரிசையாகக் குமிழ்கள் வந்திருக்கின்றன. பக்கத்துக்குப் பதினெட்டாக மொத்தம் 36. பிற்காலச் சீன அரசவை இசையின் முதுகெலும்பாக ஆனது இந்த வகையே. இது எங்கிருந்து வந்தது? ஒரு தரப்பு, ஆன்யாங்கின் சிறு நாவைத் திருப்பித் தொங்கவிட்டதுதான் என்கிறது. மறு தரப்பு, தெற்கத்திய நாவின் பின்வந்த வகைகளைக் காட்டுகிறது. அவற்றில் முகமூடி படிப்படியாகக் கரைந்து குமிழ் வரிசையாகிறது, காம்பில் வளையத்துக்குரிய மேடு தோன்றுகிறது. யொங்ஜோங்குக்கு வேண்டிய எல்லா உறுப்புகளும் அங்கே முன்பே தயாராக இருக்கின்றன. வடக்கு நாவில் இந்த இடைநிலைகள் இல்லை. நான் இரண்டாம் தரப்பின் பக்கம் சாய்கிறேன்.

ஆனால் அந்த வாதத்தில் ஒரு பலவீனம் உண்டு. நேர்மையாகச் சொல்ல வேண்டும். தெற்கத்திய நாவ் தனியாகப் புதைக்கப்பட்டது என்றேன். அதாவது, காலத்தைக் கணிக்கப் பக்கத்தில் எதுவும் இல்லை. ஆகவே அலங்காரம் எப்படி மாறியது என்று ஊகித்து அதன்படி மணிகளை வரிசைப்படுத்துகிறார்கள்; பிறகு அந்த வரிசையைக் கொண்டே அலங்காரம் இப்படித்தான் மாறியது என்று நிறுவுகிறார்கள். வட்டத்துக்குள் சுற்றும் வாதம் இது. வடக்கிலிருந்து வந்த புதிய மணியைப் பார்த்துத் தெற்கே குமிழ் வைத்தார்கள் என்று யாரேனும் சொன்னால், அலங்காரத்தை மட்டும் வைத்து மறுக்க முடியாது. இந்த வட்டத்தை உடைக்க, பிற பொருள்களோடு சேர்ந்து கிடைக்கும் மணிகள் தேவை. அப்படிப்பட்டவை மிகச் சில. ஜியாங்ஷி மாநிலத்துச் சின்கானில், தாயாங்ஜோ என்ற இடத்தில் 1989இல் கிடைத்த வெண்கலப் புதையல் அவற்றுள் தலையானது. நூற்றுக்கணக்கான வெண்கலப் பொருள்களுக்கு நடுவே மூன்று நாவும் ஒரு 'போ'வும் இருந்தன. ஷாங் காலத்தின் பிற்பகுதியிலேயே தெற்கத்திய மணி மரபு தனித்து நின்றது என்பதை அது காட்டிவிட்டது.

அந்த ஒரு போவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் கேள்விக்கு மிகத் தெளிவான விடை அதில்தான் இருக்கிறது. போ என்பது தொடக்கத்திலிருந்தே தொங்கும் மணி. தலையில் நேரான கொக்கி, பக்கங்களில் மீன் துடுப்பைப் போல நீட்டிக்கொண்டிருக்கும் முகடுகள், அவற்றில் பறவைகள் அல்லது புலிகள். வடக்கே ஆன்யாங்கில் இதற்கு மூதாதை இல்லை. தெற்கில், குறிப்பாகச் சியாங் ஆற்றுப் படுகையில், தொடர்ச்சியாக இருக்கிறது. ஜோ காலத்தின் தொடக்கத்தில் சுய்ஜோவின் யெஜியாஷான் கல்லறை ஒன்றில் நான்கு யொங்ஜோங்கோடு ஒரு போ வைக்கப்பட்டிருக்கிறது. 2013இல் அகழப்பட்டது அது. செங் நாட்டின் தொடக்க காலத் தலைவன் ஒருவனின் கல்லறை. ஜோ அரசர்கள் தெற்கு எல்லையைக் காக்க அமர்த்திய குடும்பம் அது. வடக்கத்திய மணியும் தெற்கத்திய மணியும் ஒரே குழியில் ஒரே தொகுதியாகச் சேர வேண்டுமானால் சேர வேண்டிய இடம் அதுவே. பிறகு 1978இல், தாவ்ஸி இருக்கும் ஷான்சிக்கு மேற்கே உள்ள, ஏறக்குறைய அதே பெயர் கொண்ட இன்னொரு மாநிலத்தின் (Shaanxi) மேற்குக் கோடியில், பாவ்ஜியில் கிடைத்த சின் நாட்டுத் தலைவனின் மணிகளைப் பாருங்கள்: ஐந்து யொங்ஜோங், மூன்று போ. காலம் கி.மு. 7ஆம் நூற்றாண்டின் தொடக்கம். போ மூன்றிலும் அதே துடுப்பு முகடுகள் நாகங்களாகச் சுருண்டு நிற்கின்றன. பின்னாளில் சீனா முழுவதையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட சின் மரபினர், தங்கள் முன்னோர் வழிபாட்டுக்கு ஒலித்த மணி தெற்கத்திய வடிவம் என்று அறிந்திருப்பார்களா என்ன? அது அதற்குள் அவர்களுடையதாகவே ஆகியிருந்தது.

பொருள் எப்படிக் கைமாறியது என்பது வேறு. மணி பயணிக்கப் பல வழிகள் உண்டு: பரிசு, திருமணச் சீர், கொள்ளை, கைவினைஞரின் இடப்பெயர்ச்சி. இவற்றில் எது என்று சொல்லப் பெரும்பாலும் முடியாது. எழுத்து இருந்தால்தான் வாய் திறக்க முடியும். ஜின் நாட்டுத் தலைவன் சூவின் 16 மணிகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கல்லறைக் கொள்ளையர் அவற்றில் 14 மணிகளைத் திருடி விற்றுவிட்டார்கள். ஷாங்காய் அருங்காட்சியகம் 1992இல் அவற்றை ஹாங்காங்கிலிருந்து மீட்டது. மீதி இரண்டும் ஷான்சியில் முறையான அகழாய்வில் அதே கல்லறையில் கிடைத்தன. சூ தன் அரசனோடு கிழக்கே படையெடுத்ததைச் சொல்லும் நீண்ட வாசகம் மணிக்கு மணி தொடர்கிறது. ஆனால் அந்த எழுத்து வார்க்கப்படவில்லை; வார்ப்பு முடிந்த பிறகு உளியால் வெட்டப்பட்டது. மணிகளின் அலங்காரமும் ஒரே சீராக இல்லை. ஆகவே இவை அந்த வாசகத்துக்காகச் செய்த மணிகள் அல்ல, வெவ்வேறு சமயங்களில் சேர்ந்தவை என்பது உறுதி. அவற்றில் சில தெற்கே போரில் கவர்ந்தவை என்று சிலர் சொல்வது கவர்ச்சியான கருத்து. எனக்கும் ஆசைதான். ஆனால் வாசகம் அப்படிச் சொல்லவில்லை.

உலோகத்தை ஆய்ந்து மணியின் பிறப்பிடத்தைக் கண்டுபிடித்துவிடலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். என்னிடம் இதைக் கேட்காதவர்கள் குறைவு. வெண்கலத்தில் கலந்துள்ள ஈயத்தின் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின், எடையில் மட்டும் வேறுபடும் அணு வகைகள்) அது வந்த சுரங்கத்தின் ரேகையைத் தாங்கியிருக்கும் என்பது உண்மை. ஷாங் காலத்து ஆன்யாங், தாயாங்ஜோ, சான்ஷிங்துய் ஆகிய மூன்று இடங்களின் வெண்கலங்களிலும் யுரேனியமும் தோரியமும் செறிந்த பாறையில் பிறந்த ஒரே வகை அரிய ஈயம் காணப்படுகிறது. ஒன்றோடொன்று ஆயிரம் கிலோமீட்டர் விலகியிருந்த, கலையிலும் வழிபாட்டிலும் முற்றிலும் வேறுபட்ட மூன்று சமூகங்கள் உலோகத்துக்கு ஒரே ஊற்றைச் சார்ந்திருந்தன என்றால் அது பெரிய செய்தி. அந்தச் சுரங்கம் யுன்னானின் வடகிழக்கா, சின்லிங் மலையா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் உலோகக் கட்டி எங்கே தோண்டப்பட்டது என்பது, மணி எங்கே வார்க்கப்பட்டது என்பதற்கு விடையாகாது. பழைய பாத்திரங்களை உருக்கிப் புதியது செய்திருந்தால் ரேகைகள் கலந்துவிடும். 'ஐசோடோப்பு நிரூபித்தது' என்று தலைப்பிட்ட செய்தியைப் பார்த்தால், என்ன நிரூபித்தது என்று ஒருமுறை கேட்டுவிட்டுப் படியுங்கள்.

எழுத்து பேசும் இடத்துக்கு வந்தால் நிலைமை எவ்வளவு மாறுகிறது என்பதற்குச் செங் நாட்டு யீயின் மணிகளே சாட்சி. ஊகமே தேவையில்லை. கல்லறையின் 65 மணிகளில் ஒன்று மட்டும் போ. 'அரசனின் 56ஆம் ஆண்டில்' சூ நாட்டரசன் (சூ இங்கே ஒரு நாட்டின் பெயர், முன்பு சொன்ன ஜின் தலைவன் அல்ல) யீக்காகச் செய்த படையல் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கணக்கிட்டால் கி.மு. 433. வலிமை மிக்க அண்டை அரசன் சிறிய நாட்டின் தலைவனுக்கு அனுப்பிய மணி, எல்லோர் கண்ணிலும் படும்படி அடிவரிசையின் நடுவில் தொங்கியது. மற்ற மணிகளின் வாசகங்கள் இன்னும் வியப்பானவை. இந்தச் சுரத்துக்குச் செங் நாட்டில் இந்தப் பெயர், சூ நாட்டில் இது, ஜின்னில் இது, சியில் இது, ஜோவில் இது என்று ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். வெவ்வேறு நாட்டு இசைவாணர்கள் ஒரே மேடையில் நின்று, உங்கள் ஊரில் இதை எப்படிச் சொல்வீர்கள் என்று கேட்டுக்கொண்டதன் பதிவு அது. வூஹானில் அந்த மணிகளின் முன் நின்றபோது எனக்குக் கண் கலங்கியது. பெரிய மணியின் உயரம் ஒன்றரை மீட்டர். எடை 203 கிலோவுக்கும் மேல். அதன் விளிம்பில் அண்டை நாட்டுச் சொல்லைத் தேடி எழுதிய அந்தப் பொறுமை பெரிது.

ஆக, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இது. வார்ப்பும் தட்டை மணி என்ற எண்ணமும் வடக்கிலிருந்து தெற்கே சென்றன, உறுதி. தெற்கு அதைத் தன் வழிபாட்டுக்கென வேறு பொருளாக்கியது, உறுதி. போ தெற்கிலிருந்து ஜோ அரசவைக்குச் சென்றது, ஏறக்குறைய உறுதி. யொங்ஜோங்கும் அப்படியே சென்றது. பெரும்பாலும் சரி என்று நினைக்கிறேன், ஆனால் நாளையே ஒரு கல்லறை என்னைத் தவறென்று காட்டக்கூடும்.

வாய் மேலே பார்க்கும் மணிகளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்றும் நீங்கள் கேட்கக்கூடும். வடக்கு அவற்றை ஜோ காலத்திலேயே கைவிட்டுவிட்டது. தெற்கு விடவில்லை. யாங்சி முகத்துவாரத்தின் வூ, யூவே நாடுகளில் 'கோதியாவ்' என்ற நீண்ட, ஒல்லியான, வாய் மேல்நோக்கிய மணி தொடர்ந்து வார்க்கப்பட்டது. அது பழைய நாவின் நேர் வாரிசா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1983இல் குவாங்ஜோ நகரின் நடுவே கட்டடப் பணிக்காகக் குன்றைச் சமன்படுத்தியபோது நான்யூவே அரசனின் கல்லறை வெளிப்பட்டது. அதில் எட்டுக் கோதியாவ் இருந்தன. எட்டிலும் 'வென் பேரரசரின் ஒன்பதாம் ஆண்டு, இசைப் பணியகத்தார் செய்தது' என்று பொறித்து, முதலாவது, இரண்டாவது என எட்டாவது வரை எண்ணும் இட்டிருக்கிறார்கள். வென் பேரரசர் என்பது அந்த நான்யூவே அரசன் தனக்குச் சூட்டிக்கொண்ட பட்டம். அந்த ஆண்டு கி.மு. 129. பணியகத்தின் பெயர் அப்போது வடக்கே ஆண்ட ஹான் அரசவையைப் பார்த்து வைத்தது, எழுத்து வடக்கத்தியது, மணி தெற்கத்தியது.